ஆறாவது பலகை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்து இரண்டு வார்த்தை பேசும்படி எனக்கு அழைப்பு வந்தது. நான் மேடையேறினால் இரண்டு வார்த்தையோடு இறங்க மாட்டேன் என்பது அழைத்தவர்களுக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். ஆகவே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பிடிக்கவில்லை என்றால் நீங்கள் பாதியில் மூடி வைக்கலாம். நான் மேடையில் நின்றிருந்தால் உங்களுக்கு அந்த வசதி கிடைத்திருக்காது.

முப்பத்து மூன்று வருடம் காட்டு வேலை பார்த்தேன். முதல் பாதியில் ராசா என்ற ஊருக்கு மேலே மலைக்காட்டில், எந்த மரத்தை வெட்டலாம் என்று சுத்தியலால் முத்திரை குத்திக்கொண்டு திரிந்தேன். இரண்டாம் பாதியில் கோலா சிலாங்கூர் பக்கத்துச் சதுப்புக்காட்டில், வெட்டிய இடத்திலெல்லாம் கன்று நட்டுக்கொண்டு திரிந்தேன். இரண்டுக்கும் ஒரே இலாகாதான் சம்பளம் கொடுத்தது. வெட்டியபோது அழிக்கிறான் என்றார்கள், நட்டபோது பிழைப்பைக் கெடுக்கிறான் என்றார்கள். இரண்டு வசவிலும் கொஞ்சம் உண்மை இருந்ததால் நான் ரொம்பக் கோபித்துக்கொள்ளவில்லை. ரொம்ப இல்லை என்றுதான் சொன்னேன்.

கன்று எப்படி நடுவது, மரத்தை எப்படி அளப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது ஒரு பலகையைப் பற்றி. ஏழடி நீளம், முக்கால் அடி அகலம், கெட்டியான மரம். இரண்டு பேர் தூக்கலாம். என் வேலைக்காலத்தில் நான் செய்த பெரிய தவறும் அந்தப் பலகையில் இருக்கிறது, என் பெரிய சந்தோஷமும் அதில்தான் இருக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காட்டில் காலுக்கடியில் இருப்பது சாதாரண மண் அல்ல. எத்தனையோ காலத்து இலையும் கட்டையும் தண்ணீரில் ஊறிக் கறுத்துக் கிடப்பது. ஊரில் கம்புட் மண் என்பார்கள். ஈரமாக இருக்கும்வரை சாது. காய்ந்துவிட்டால் அடியிலேயே பற்றிக்கொண்டு வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். முன்பு மரம் வெட்டியவர்கள் கட்டைகளை மிதக்கவிட்டு இழுப்பதற்காகக் காட்டுக்குள் ஒரு கால்வாய் வெட்டியிருந்தார்கள். கட்டைகள் போய் எத்தனையோ காலம் ஆகியும் அந்தக் கால்வாய் காட்டின் தண்ணீரை வடித்துக்கொண்டே இருந்தது. அதைத் தடுக்க நாங்கள் ஒரு மடை கட்டினோம். இரண்டு பக்கமும் காடிவெட்டிய தூண்கள். நடுவில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகலாம். ஐந்து பலகை போட்டால் சாதாரண நாள்களுக்குச் சரி. ஆறாவதைப் போட்டால் காடு நன்றாக நனையும். ஆனால் மடைக்கு மேல்பக்கம் கால்வாய் ஓரத்தில் தோட்டம் போட்டிருந்தவர்களின் பயிர் வேரிலும் தண்ணீர் நிற்கும்.

அந்தத் தோட்டக்காரர்கள் யார்? பழைய எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். எஸ்டேட் கைமாறி, வரிசை வீடுகளான லயங்கள் இடிக்கப்பட்டபின் தாமான் எனும் புதுக் குடியிருப்பில் குறைந்த விலை வீட்டுக்குப் போனார்கள். வீடு கிடைத்தது, கையளவு மண் கிடைக்கவில்லை. ஆகவே காட்டுக்கும் தாமானுக்கும் நடுவே யார் பெயரிலும் இல்லாத அந்தத் துண்டு நிலத்தில் மரவள்ளி, மிளகாய், சேப்பங்கிழங்கு என்று போட்டிருந்தார்கள். பாக்கியம் அக்கா போட்டிருந்தது வெற்றிலைக் கொடிக்கால்.

பாக்கியம் அக்கா என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். கையுறைத் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் நின்றே வேலை செய்து முழங்கால் தேய்ந்தபின், இனிமேல் எவன் மணியடித்தும் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து வெற்றிலை நட்டவர். கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த நானா கடைக்கும், சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்களுக்கும் அவருடைய வெற்றிலைதான் போகும். கொடிக்கால் செழித்து நிற்க மூன்று வருடம் ஆகியிருந்தது. வேரில் தண்ணீர் இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் அழுகத் தொடங்கும்.

இப்போது என் தவறு. வறண்ட காலம் வந்தால் ஆறாவது பலகையைப் போடுவது என்று திட்டம். அதற்கு மக்களின் சம்மதம் வேண்டும். தாமான் மண்டபத்தில் கூட்டம் போட்டேன். மலாயில் அழகான கடிதம், திரையில் படங்கள், முடிவில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். எல்லாரும் வந்தார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் தாளைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி ஆபீசுக்குப் போனேன்.

அப்போது எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஒரு மலாய்க்கார அம்மையார், மரியாதையாகப் புவான் என்று கூப்பிடுவோம். பெயரைப் போட்டால் இப்போதுகூட போன் பண்ணித் திட்டுவார், ஆகவே போடவில்லை. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யார் சண்டை போட்டார்கள்?"

"யாருமே இல்லை புவான்," என்றேன் பெருமையாக.

"அப்படியானால் கூட்டம் இன்னும் நடக்கவில்லை," என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

பொறாமையில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவுதான் புத்தி. அப்போது எனக்கு ஐம்பத்து ஐந்து வயது.

ஆடி மாதம் பிறந்தது. மழை இல்லை. காட்டோரத்தில் காலை வைத்தால் மண் மெத்தைபோல அமுங்குவதற்குப் பதிலாகச் சொரசொரத்தது. நான் ஆறாவது பலகையைப் போட்டேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பலகை இல்லை. ஐந்தாவதையும் சேர்த்து உருவியிருந்தார்கள். புதுப் பலகை இரண்டு கொண்டுவந்து போட்டேன். அடுத்த நாள் மறுபடியும் ஆறாவது மாயம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கையெழுத்துத் தாளை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினேன். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்து ரொம்ப வருத்தப்பட்டார்கள்.

கடைசியாகப் பாக்கியம் அக்காவின் கொடிக்காலுக்கு வந்தேன். குடிசை வாசலில் நிழலில் உட்காரச் சொன்னார். தேநீர் கொடுத்தார். நான் அரசாங்கச் சொத்து, சட்டம், வழக்கு என்று ஒரு சுற்றுப் பேசி முடித்தேன்.

"பலகை எங்கக்கா?" என்றேன்.

"நீங்க ஒக்காந்துருக்கறது என்னாவாம்?" என்றார்.

குனிந்து பார்த்தேன். இரண்டு செங்கல் அடுக்கின்மேல் என்னுடைய பலகை. இலாகாவின் முத்திரை என் தொடைக்குப் பக்கத்தில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கையிலிருந்த தேநீர் சிந்தியது. அக்கா சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அக்கா, நீங்க கூட்டத்துக்கு வந்தீங்க. கையெழுத்துப் போட்டீங்க. இதோ உங்க பேரு."

"போட்டேன்லா. வந்ததுக்குப் போட்டேன். சோத்துப் பொட்டலம் வாங்குனதுக்குப் போட்டேன். என் கொடிய முக்குறதுக்கா போட்டேன்?"

"வேணாம்னா அங்கேயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"எப்ப சொல்றது? நீங்க பாட்டுக்குப் படம் காட்டுனீங்க, வெளக்கப் போட்டீங்க, பொட்டலம் குடுத்தீங்க. யாரு பேரயாச்சும் கூப்புட்டீங்களா? நீங்க மண்டோர் மகன்தானே? பெரட்டுல பேரு கூப்புட்டாத்தானே நம்ம ஆளு வாயத் தொறப்பான்? இந்த மண்ணு எங்க பேருலயே இல்ல. நாங்களா எந்திரிச்சு நின்னு பேசுனா, நீ யாரு, ஒனக்கு இங்க என்னா வேலன்னு கேட்டுட்டா?"

பெரட்டு என்றால் எஸ்டேட்டில் விடியற்காலை ஆள் எடுப்பது. எல்லாரும் வரிசையில் நிற்க, எஸ்டேட் எழுத்தரான கிராணி பேரேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயர் விழுந்தவர் இருக்கேன் என்பார். வேலையில் குறை இருந்தால் அந்த இடத்தில், அந்த நேரத்தில், எல்லார் காதும் கேட்கச் சொல்ல வேண்டும். அங்கே சொன்னதுதான் இரண்டு பக்கத்துக்கும் கணக்கு. பெரட்டு ஒன்றும் புண்ணிய காரியமில்லை. வசவு விழும், அரை நாள் சம்பளம் பறிபோகும், ஆள்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்த என் அப்பாவே பலரை அழவைத்திருக்கிறார். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்ட ஒரே இடம் அந்த மக்களுக்கு அதுதான். மண்டபத்தில் கையெழுத்து வாங்கினால் அது சம்மதம் என்று நினைக்க வெளியூர்க்காரனுக்கு உரிமை உண்டு. லயத்தில் பிறந்த எனக்கு அந்த உரிமை கிடையாது.

அக்கா என்னைக் கூட்டிப்போய்க் கீழ்வரிசைக் கொடிகளைக் காட்டினார். இரண்டு முறை தண்ணீர் தொட்டதிலேயே இலைகள் மஞ்சளடித்திருந்தன. "இது போனா நான் மறுபடி அந்தத் தொழிற்சாலை வாசல்லதான் போயி நிக்கணும்," என்றார். அழவில்லை. இலை ஒன்றைக் கிள்ளிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துச் சுலைமான் பாக்சிக்கின் மோட்டார் சைக்கிள் வந்தது. பாக்சிக் என்றால் மலாயில் மாமா. காட்டின் மறுபக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்தில் இருப்பவர், கால்வாயில் விரால் பிடிப்பவர். அக்காவுக்கு மீன் கொடுப்பார், தன் மனைவிக்கு வெற்றிலை வாங்கிப்போவார். அன்றைக்கு அவர் மீனும் கொண்டுவரவில்லை, வெற்றிலையும் கேட்கவில்லை.

"ஆப்பி! உள்ளே நெருப்பு பிடித்துவிட்டது," என்று மலாயில் கத்தினார். "காற்று எங்கள் பக்கம் அடிக்கிறது. என் மனைவிக்கு இப்போதே மூச்சு இழுக்கிறது. பலகை எங்கே? ஆறும் போடு, ஏழும் போடு!"

மேற்கே மரங்களுக்கு மேல் வெள்ளையாக ஒரு கோடு எழும்பியிருந்தது. தீயணைப்பு ஆள்கள் கிளம்பிவிட்டதாக எனக்கும் போன் வந்தது. மண் நனைந்திருந்தால்தான் அவர்கள் ஊற்றுகிற தண்ணீர் நிற்கும். மேலதிகாரியைக் கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்டேன்.

"பலகை உன் பக்கத்தில் இருக்கிறது. அந்த அம்மாவின் தோட்டம் உன் கண் முன்னால் இருக்கிறது. எனக்கு இங்கிருந்து இரண்டுமே தெரியவில்லை. நீயே முடிவு செய்துவிட்டுச் சொல்," என்று போனை வைத்துவிட்டார்.

உங்களுக்கும் இந்த மாதிரி ஒரு நேரம் வரும். எதிரில் இரண்டு பேர் நிற்பார்கள், இரண்டு பேர் சொல்வதும் நியாயமாக இருக்கும், சட்டப் புத்தகத்தில் யாருக்கு மூச்சு இழுக்கிறது என்று எழுதியிருக்காது. அப்போது ஏதாவது சாக்குச் சொல்லி நழுவத்தான் மனம் தேடும். தண்ணீர் அவ்வளவு ஏறாது அக்கா, கொடிக்கு ஒன்றும் ஆகாது அக்கா என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. மஞ்சள் இலை இன்னும் அவர் கையில் இருந்தது, அதனால் சொல்ல முடியவில்லை.

"அக்கா, பலகையப் போடப்போறேன். உங்ககிட்ட கேக்கல, சொல்றேன். நெருப்பு நமக்காக நிக்காது. தண்ணி ஏறும், உங்க கொடிய தொடும், அதுவும் உண்ம. வேரு ரெண்டு நாளு தாங்கும், நமக்கு அவ்வளவுதான் நேரம். நாளைக்குக் காலையில ஆறரைக்கு மடையில பெரட்டு. எல்லார் பேரும் கூப்புடுறேன். மொத பேரு உங்க பேரு."

அக்கா வந்து பலகையில் உட்கார்ந்தார். சுலைமான் பாக்சிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் கையைக் காட்டினேன். அப்புறம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "ம், தூக்குங்க," என்றார். ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையைச் சுலைமான் பாக்சிக் பிடிப்பதற்குள் அக்கா பிடித்துவிட்டார்.

மறுநாள் காலை பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் பெயர்களை எழுதிக்கொண்டு மடையில் போய் நின்றேன். புகை மூட்டத்தில் எல்லாரும் இருமிக்கொண்டே வந்தார்கள். தோட்டக்காரர்கள், கம்பத்து மீன்காரர்கள், பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தின் இளம் உதவி மானேஜர், என் ஆள்கள் நான்கு பேர். வரிசையாக நிற்கச் சொன்னேன். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"பாக்கியம்!"

"இருக்கேன்!" அந்தக் குரல் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். "எனக்கு மூணு வேணும். ஒண்ணு, கொடிக்கால சுத்தி வரப்பு. ரெண்டு, உள்ள ஊறுற தண்ணிய எறைக்க ஒரு பம்பு. மூணு, நெருப்பு அணைஞ்ச ஒடனே பலகைய எடுக்கணும். நாளைக்கின்னு சொல்லப்படாது."

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். மண்டபத்தில் வாய் திறக்காதவர்கள் எல்லாம் இங்கே கொட்டித் தீர்த்தார்கள். பலகையை உருவியது அக்கா மட்டுமில்லை, இன்னும் ஆறு பேர் என்று தெரிந்தது. ஒருவர் உருவப் போனபோது இன்னொருவர் ஏற்கெனவே உருவிக்கொண்டிருந்தாராம். சுலைமான் பாக்சிக்கின் முறை வந்ததும் தலையைச் சொறிந்தார். போன மாதம் ஒரு நாள் விரால் மேலே வரட்டும் என்று ஐந்துக்கு மேல் ஒரு பலகை செருகியது தான்தான் என்று ஒத்துக்கொண்டார்.

"அடப்பாவி பாக்சிக்! அதான் என் சேப்பங்கெழங்கு அழுகிச்சா?" என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. புகையையும் மீறி எல்லாரும் சிரித்தோம். சிரித்ததில் இருமல் இன்னும் கூடியது.

உதவி மானேஜர் பையன் பம்பு இருக்கிறது, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று இழுத்தான். "பெரட்டுல நிக்கிறவருதான் பதில் சொல்லணும் சார்," என்றார் அக்கா. அவன் அங்கேயே போனை எடுத்துப் பேசி வாங்கிவிட்டான். நல்ல பிள்ளை.

அந்த இரண்டு நாளைப்போல நான் சந்தோஷமாக வேலை செய்ததில்லை. ஒரு கூட்டம் காட்டுக்குள் குழாய் இழுத்தது. மீதிப் பேர் கொடிக்காலைச் சுற்றி வரப்புப் போட்டோம். கறுப்பு மண் முகமெல்லாம் அப்பி, யார் மலாய்க்காரர், யார் தமிழர், யார் அரசாங்கம் என்று அடையாளமே தெரியவில்லை. சுலைமான் பாக்சிக் மூட்டை மூட்டையாக மணல் கொண்டுவந்து, ஒவ்வொரு மூட்டையை இறக்கும்போதும் இது சேப்பங்கிழங்குக்கு அபராதம் என்று சொல்லிக்கொண்டே இறக்கினார். அவர் மனைவியைக் கோலா சிலாங்கூரில் மகள் வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார். அந்த அம்மாள் அங்கிருந்து மதியத்துக்குச் சோறு ஆக்கி அனுப்பினார், கூடவே வெற்றிலை கேட்டும் ஆள் அனுப்பினார். இடையில் நானா கடையிலிருந்து போன் வந்தது. "ரேஞ்சர், ரெண்டு நாளா வெத்தல வரல, உங்க பலக வேலையாமே?" என்றார் நானா. செய்தி அந்த அளவுக்குப் பரவியிருந்தது.

இரண்டாம் நாள் மாலை தண்ணீர் வரப்பின் பாதிவரை ஏறி நின்றது. எல்லாரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றோம். ஓரிடத்தில் கசிந்தது, அடைத்தோம். பம்பு உள்ளே ஊறியதை இறைத்தது. மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று போனது. ஏற்கெனவே மஞ்சளடித்த கீழ்வரிசை மட்டும் செத்தது. அதற்குக் காரணம் நான். மற்ற கொடிகளெல்லாம் பச்சையாக நின்றன. ஆறாம் நாள் காலை நெருப்பு அடங்கிவிட்டது என்று உள்ளேயிருந்து தகவல் வந்தது. நான் போனை வைப்பதற்குள் அக்கா மடையில் நின்றார்.

பலகையை உருவினோம். அதை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. ஆபீஸ் ஸ்டோரில் பூட்டி வைக்க வேண்டியதுதான் முறை. நான் பெயர் எழுதிய நோட்டோடு சேர்த்து அக்கா குடிசையிலேயே இருக்கட்டும் என்றேன்.

"அதெப்படி? அவள் ஒளித்து வைத்துவிட்டால்?" என்றார் சுலைமான் பாக்சிக்.

"ஒளிக்க மாட்டேன் பாக்சிக், ஒக்காந்துக்குவேன்," என்றார் அக்கா.

அறிக்கையில் அப்படியே எழுதினேன்: ஆறாவது பலகை திருமதி பாக்கியத்தின் பொறுப்பில் உள்ளது, தேவைப்படும்போது அவரைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளப்படும். மேலதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த முறை யார் சண்டை போட்டார்கள்?"

"எல்லாரும் புவான்."

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போடும்போது உதட்டோரம் சிரித்தது எனக்குத் தெரியும்.

யாருக்கு இழப்பு அதிகமோ அவர் கையில் பலகையைக் கொடுத்துவிட்டாயே, காட்டின் கதி என்ன என்று சக ஊழியர்கள் என்னைக் கிண்டல் செய்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது. தேவைப்படும் நாளில் அக்கா எழுந்திருக்காவிட்டால் நான் என்ன செய்வேன் என்று பல முறை யோசித்திருக்கிறேன்.

மறு வருடம் ஆடி. அதுதான் நான் ஓய்வு பெற்ற வருடம். காலை ஏழு மணி இருக்கும். ஆபீசில் உட்கார்ந்து ஒப்படைக்க வேண்டிய கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"ரேஞ்சர், இன்னும் ஆபீசுலயா ஒக்காந்துருக்கீங்க? மண்ணு காஞ்சு கெடக்கு, பொக வாசம் வர்றாப்புல இருக்கு. வாங்கலா!"

வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். மடையில் எல்லாரும் வரிசையாக நின்றிருந்தார்கள். கொடிக்காலைச் சுற்றிப் புது வரப்பு ஏற்கெனவே எழும்பியிருந்தது. பலகையின் ஒரு முனை பாக்கியம் அக்காவின் தோளிலும் மறுமுனை சுலைமான் பாக்சிக்கின் தோளிலும் இருந்தன. அக்காவின் ஒரு கையில் என்னுடைய பழைய பள்ளிக்கூட நோட்டு.

"எல்லாரும் வந்தாச்சு. ஒரே ஒரு பேருதான் கொறையுது," என்றார். நோட்டைப் பிரித்து, கிராணி மாதிரியே கழுத்தை நிமிர்த்தி உரக்கக் கூப்பிட்டார்.

"மண்டோர் மகன் கோவிந்தன்!"

ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றேன்.

"இருக்கேன்!" என்றேன்.